துபாய் ஐஸுக்கு அரிமளத்தில் ஒரு பஞ்சாயத்து

ஊருக்குப் போகிறேன் என்று துபாயில் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் பெட்டி நிறைந்துவிடும், அதுவும் மற்றவர்களின் சாமான்களால். நான் இரண்டே பேரிடம் சொன்னேன். இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு நீளமான மட்டை, தீராத வழக்கு ஒன்று, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு திருச்சியில் வந்து இறங்கினேன்.

வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் பனிச்சறுக்குத் தளத்தில். வெளியே தார் இளகும் வெயிலில், உள்ளே ஐஸ் இளகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான இயந்திரங்கள் என் பொறுப்பு. கீரனூரில் அம்மா இதை "ஏசி மெக்கானிக்" என்று சுருக்கிச் சொல்லுவார். மறுப்பதற்கில்லை. பெரிய ஏசிதான்.

செல்வராசும் ஜாகிரும் அங்கே ஐஸ் சீவும் வண்டி ஓட்டுகிறவர்கள். சின்ன டிராக்டர் போல இருக்கும் அந்த வண்டி, சறுக்கிக் கீறிவிட்ட பரப்பைச் சீவி, மேலே வெந்நீர் விட்டு, மறுபடி கண்ணாடியாக்கும். ஆமாம், வெந்நீர்தான். இதை நம்பவைக்க முயன்று நான் தோற்ற இடங்களைப் பின்னால் சொல்கிறேன். இருவரும் எங்கள் மாவட்டம். செல்வராசுக்குப் பொன்னமராவதி, ஜாகிருக்குக் கோட்டைப்பட்டினம்.

அடுத்த மாதம் வரும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இருவரும் லீவு கேட்டார்கள். செல்வராசின் அக்கா மகளுக்கு அன்று காது குத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காராத பிள்ளைக்குக் காதில் ஊசி இறங்காது, அந்தப் பிள்ளைக்கு மாமன் என்று இருப்பது இவன் ஒருவன்தான். ஜாகிரின் தங்கைக்கு அன்று நிக்காஹ். அதே ஞாயிறுதான் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியின் ஃபைனல். எங்கள் தளத்தில் பெரிய திரை கட்டி, நாள் முழுக்கக் கொண்டாட்டம் வைத்திருந்தார்கள். வண்டி ஓயாமல் ஓட வேண்டும், அதனால் இருவரில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

மேனேஜர் பெயர் உர்ஸ். தர்கா விழாவுக்கும் உர்ஸ் என்றுதான் பெயர், அதனால் முதல் நாள் இதைக் கேட்டதும் ஜாகிர், "எந்த தர்காவுலங்க?" என்று கேட்டானாம். உர்ஸ் சுவிட்சர்லாந்துக்காரர். எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் சாயமாட்டார், அதில் அவருக்குப் பரம்பரைப் பெருமை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே சம்பளம். எப்படிப் பார்த்தாலும் தராசு நேராகவே நின்றது. ஐஸ் ஹாக்கிப் பைத்தியமான அவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: "வியாழக்கிழமை என் அறைக்கு வாருங்கள். இந்த முறை எந்த நாடு ஜெயிக்கும் என்று ஆளுக்கு ஒரு நாட்டுக்காக வாதாடுங்கள். யாருடைய வாதம் என்னை ஒப்புக்கொள்ள வைக்கிறதோ, அவருக்கு லீவு."

ஜாகிர் கனடாவை எடுத்தான். செல்வராசு ஸ்வீடனை எடுத்தான், காரணம் சட்டை மஞ்சள், மஞ்சள் மங்களம். பிறகு இருவரும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் தெரியாமல் இயந்திர அறைக்கு வந்து, "மேடம், நல்ல பாயிண்டா நாலு எழுதிக் குடுங்க" என்று நின்றார்கள்.

பட்டியல் போடச் சொன்னால் எனக்கு மறுக்க வராது. கனடா: ஆள் பலம், வேகம், ஒருவர் விழுந்தால் அதே தரத்தில் இன்னொருவர். ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் அந்த நேரத்தில் கிளப் ஆட்டங்களில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்வீடன்: தடுப்பாட்டம், ஒழுங்கு, பதற்றமின்மை. ஆனால் சில நேரம் ஒழுங்காக ஆடியே தோற்பார்கள். பின்லாந்து: பொறுமையும் கோல் கீப்பரும். செக்: உணர்ச்சி. அமெரிக்கா: இளமை. சுவிட்சர்லாந்தைச் சேர்க்கவில்லை. நல்ல அணிதான். ஆனால் சேர்த்தால் மேனேஜருக்கு ஐஸ் வைப்பதாக ஆகிவிடும், ஐஸை ஒழுங்காக வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

முதல் நாள், திருச்சியிலிருந்து பஸ். மட்டை செல்வராசு தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டது, தளத்தில் வாடகைக்கு விட்டுத் தேய்ந்த பழைய மட்டை. கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா இது, தொரட்டியா?"

"இல்லண்ணே, ஹாக்கி மட்டை."

"ஹாக்கி மட்ட எனக்குத் தெரியாதா? ஸ்கூல்ல வெளையாடிருக்கேன். அது குட்டையா இருக்கும். இது ஆட்டுக்குக் கொழ ஒடிக்கிற நீளமுல்ல."

"இது ஐஸ் மேல விளையாடுறதுண்ணே."

"ஐஸ் மேலயா? வழுக்காது?"

"வழுக்கணும்ண்ணே. அதுதான் விளையாட்டு."

அவர் நேரே டிரைவரிடம் போனார். "அண்ணே, வழுக்குறதுக்குன்னே ஒரு வெளையாட்டு இருக்காம்." டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "மழைக்கு நம்ம ரோட்டுல வண்டி ஓட்டச் சொல்லு, கப்பு நமக்குத்தான்" என்றார்.

துபாய் மெட்ரோவில் பக்கத்து ஆள் உங்கள் மேல் சாய்ந்து தூங்கினாலும் ஒரு வார்த்தை பேசமாட்டார். இங்கே மூன்று வரிசை தள்ளி ஒருவர் எழுந்து நின்று கேட்டார்: "மொதப் பரிசு என்னம்மா?"

"கோப்பையும் தங்கப் பதக்கமும்."

"பீரோ, கட்டில், சைக்கிளு ஒண்ணும் கெடையாதா?"

"கிடையாதுங்க."

"அப்பறம் எதுக்கு இப்படி விழுந்து விழுந்து எந்திரிக்கிறாய்ங்க?"

வண்டி கீரனூருக்குள் போகாது, பைபாஸில்தான் நிற்கும் என்று கண்டக்டர் சொன்னபோது வண்டி பைபாஸிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு பெட்டியை மட்டையின் இந்த முனையிலும் இன்னொன்றை அந்த முனையிலும் கட்டி, தோளில் காவடி போலத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த மட்டை உருப்படியாகச் செய்த முதல் வேலை அது. வாசலில் அம்மா பார்த்துவிட்டு, "ஏசி ரிப்பேருக்கு இவ்வளவு பெரிய சாமானா?" என்றார்.

மறுநாள் பொன்னமராவதி. வழியில் புதுக்கோட்டையில் பஸ் மாற வேண்டும், அதனால் முட்டை மாஸ் சாப்பிட வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பவர்கள் புதுக்கோட்டையில் பஸ் மாறியதில்லை. அவித்த முட்டையை வெட்டிப் போட்டு, மிளகும் வெங்காயமுமாக வதக்கி, பரோட்டாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். துபாயில் இதை எத்தனையோ முறை சமைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வெறும் முட்டைப் பொரியல்தான் வந்தது.

செல்வராசின் அக்கா வள்ளி வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க தங்கச்சி, வெயிலு மண்டையப் பொளக்குது. மொதல்ல மோரக் குடிங்க." அவருடைய கணவர் முருகேசன் மட்டையை வாங்கினார், எடை பார்த்தார், நேரே கொல்லைக்குப் போனார். முருங்கைக்காய்கள் விழும் சத்தம் கேட்டது. ஒரு கை நிறையக் காயோடு திரும்பி வந்தார். "மட்ட நல்லாருக்கு. கொக்கி இன்னும் கொஞ்சம் வளஞ்சிருக்கலாம். ஸ்வீடன்ல முருங்க இருக்குதுங்களா?"

காது குத்தப்போகும் குட்டி நந்தினிக்கு மாமன் அனுப்பியது ஸ்வீடன் அணியின் மஞ்சள் சட்டை. அளவு தவறிவிட்டது. போட்டுப் பார்த்தால் கணுக்கால் வரை வந்தது. கழற்ற மாட்டேன் என்று அப்படியே தெருவுக்கு ஓடிவிட்டாள்.

பணியாரமும் காரச் சட்னியும் வந்தன. நான் என் பட்டியலை விளக்கினேன். வள்ளி அக்கா கவனமாகக் கேட்டார்.

"எத்தன பேரு எறங்குவாங்க?"

"தளத்துல ஆறு பேர், அக்கா. ஆனா மாத்தி மாத்தி இறங்குவாங்க. ஒரு நிமிஷம்கூட முழுசா நிக்கமாட்டாங்க, வெளிய வந்து உக்காந்துருவாங்க."

"ஒரு நிமிசத்துல மூச்சு வாங்குதா? நாத்து நட வரச் சொல்லுங்க, தெளிவாயிரும்."

"சண்டை போட்டா?" என்று கேட்டார் முருகேசன்.

"ரெண்டு நிமிஷம் தனியா உக்கார வெச்சிருவாங்க."

"ரெண்டே நிமிசமா? எம் பங்காளிக எங் கல்யாணத்துல இருந்து தனியாத்தான் ஒக்காந்துருக்காய்ங்க."

ஸ்வீடன்காரர்கள் பதற்றப்படமாட்டார்கள் என்பது மட்டும் வள்ளி அக்காவுக்குப் பிடித்திருந்தது. "எந் தம்பியும் அப்படித்தான். வீட்டுல தீப்புடிச்சாலும் கைலியக் கட்டிட்டுத்தான் எந்திரிப்பான்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அவன் வரலன்னா இந்தப் புள்ளய எந்த மடியில தங்கச்சி வைக்கிறது? பத்திரிக்க குடுத்தாச்சு. ஊரே கேக்கும்."

அப்போதுதான் அவர் பார்வை மூலையில் இருந்த இரண்டாவது பெட்டிக்குப் போனது. "அது யாருக்கு?"

நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. பட்டியல் போடுகிறவர்களுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடும் வியாதி உண்டு. கோட்டைப்பட்டினம், ஜாகிர், தங்கை, நிக்காஹ், அதே ஞாயிறு, ஒருத்தருக்குத்தான் லீவு என்று வரிசையாகச் சொன்னேன்.

"கல்யாணமா?"

"ஆமாங்கக்கா."

"அவுகளும் பத்திரிக்க குடுத்துருப்பாகல்ல?"

"ஆமாங்கக்கா."

அவர் என் தட்டில் இன்னும் ஒரு பணியாரம் வைத்தார். பிறகு வெகுநேரம் அடுப்படியில் இருந்தார். நான் கிளம்பும்போது ஒரு தூக்குவாளி வந்தது. உள்ளே சூடாகக் கந்தரப்பம், எங்கள் பக்கத்து வெல்லப் பலகாரம். "கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட போகாதீங்க. பொன்னமராவதியில இருந்து குடுத்தாங்கன்னு சொல்லுங்க."

எதிரணிக்குக் கந்தரப்பம் கொடுத்துவிடுவது உலக ஐஸ் ஹாக்கியில் உண்டா என்று தெரியவில்லை. என் பட்டியலில் அதற்கு இடமில்லை.

மூன்றாம் நாள் புதுக்கோட்டை, அறந்தாங்கி என்று மாறி மாறிக் கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. ஜாகிரின் அத்தா, அதாவது அப்பா, காதர் பாய் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், படகுகளுக்கு மீன் கெடாமல் இருக்க ஐஸ் கட்டி கொடுப்பவர். படகு போகவில்லை என்றால் ஐஸும் இல்லை. கடலும் சும்மா, கம்பெனியும் சும்மா. இவ்வளவு ஓய்வான ஆட்கள் நடுவில் ஐஸ் ஹாக்கி போய் விழுந்தால் என்ன ஆகும்?

"வாம்மா. எம் மகன் ஐஸ் மேல வெந்நி ஊத்துறானாமே, மெய்தானா?"

"மெய்தான் பாய். வெந்நீர் கொஞ்சம் மேல்பரப்பை இளக்கிட்டு, கீறலை நிரப்பி, ஒட்டி உறையும். அதனால வழவழப்பா வரும்."

காதர் பாய் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். வலை பின்னியவர் கடலைப் பார்த்தார். "துபாய்ல தண்ணி வேற" என்று இருவரும் முடிவுக்கு வந்தார்கள். தோற்ற இடங்களைச் சொல்கிறேன் என்றேனே, அதில் இது முக்கியமானது.

கனடா பற்றி விவாதம் நடந்தது. வலை பின்னியவரின் மச்சான் கனடாவில் இருக்கிறாராம். "குளிருக்குப் பயந்து அவன் வீட்ட விட்டு வெளிய வர்றதில்ல. அந்த நாடு எப்படிம்மா ஜெயிக்கும்?" நான் கோல் கீப்பரை விளக்கினேன். வலைக்கு முன்னால் நின்று எதுவும் உள்ளே போகாமல் தடுப்பவர் என்றேன்.

அவர் கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது. "வலைக்குள்ள வராமத் தடுக்குறதா? அதுக்கு ஒரு ஆளா? நாங்க வலைக்குள்ள வரணும்னுதானம்மா பாடுபடுறோம்!"

"அவனுக்குத்தான் அதிகம் மரியாதை" என்றேன்.

"மீன உள்ள வரவிடாதவன் எங்க படகுல நெறையப் பேரு இருக்காங்க, மரியாததான் கெடையாது" என்றார் காதர் பாய்.

வீட்டுக்குள் நெய்ச்சோறு, தாளிச்சா, நாட்டுப்படகில் வந்த இறால். கல்யாணப் பெண் மும்தாஜ் பெட்டியைப் பிரித்து, அண்ணன் அனுப்பிய துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். "அண்ணன் வரலைன்னா நான் மேடையிலயே ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன், அக்கா. கனடா ஜெயிச்சிருமா? நெசமாச் சொல்லுங்க." கண்ணோரம் ஈரமாக இருந்தது. நான் சொன்னேன்: "ஆள் பலம் இருக்கு. வேகமும் இருக்கு." இந்தப் பதிலைக் கொடுக்கத்தான் நான் இன்ஜினியரிங் படித்தேனா என்று எனக்கே தோன்றியது.

ஜாகிரின் அம்மா தூக்குவாளியைத் திறந்தார். "கந்தரப்பமா! யாரு குடுத்தது?"

கேட்ட கேள்விக்குப் பதில். பொன்னமராவதி, செல்வராசு, அக்கா மகள், காது குத்து.

"அந்தத் தம்பி ஒத்த மாமனா?"

"ஆமாம்மா."

"யா அல்லாஹ்!" தலையில் கை வைத்துக்கொண்டார். "நிக்காஹ்வுக்குப் பொண்ணோட அத்தா இருக்காரு. சபை நடந்துரும். அந்தப் புள்ள மடிக்கு எங்கிட்டுப் போகும்?" மும்தாஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் வாயில் ஒரு கந்தரப்பத்தை வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

நான்காம் நாள்தான் உர்ஸ் சொன்ன அந்த வியாழன். இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டு, விவாதத்துக்குள் கீரனூர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று காலையில் கிளம்பினேன். அறந்தாங்கியில் "புதுக்கோட்டை, புதுக்கோட்டை" என்று கூவிய பஸ்ஸில் ஏறினேன். அது அரிமளம் சுற்றிப் போகும் பஸ். சுற்றிப்போனாலும் பரவாயில்லை, அரிமளத்தில் டயர் வெடித்தது. துபாயில் பஸ் நிறுத்தத்துக்கே ஏசி போட்டிருப்பார்கள், ஆனால் நின்றுபோன பஸ்ஸுக்கு எதிரே டீக்கடை இருக்காது. எது வசதி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டீயை வாயில் வைக்கும்போது போன் அடித்தது. ஜாகிர் எல்லோரையும் ஒரே வீடியோ காலில் சேர்த்திருந்தான். திரையில் நான்கு கட்டங்கள். ஒன்றில் உர்ஸ் அறை, இரு பக்கமும் ஜாகிரும் செல்வராசும். ஒன்றில் பொன்னமராவதி, முன்னால் மஞ்சள் சட்டை. ஒன்றில் கோட்டைப்பட்டினம், வலை பின்னுகிறவர் உட்பட. நான்காவதில் நானும், என் பின்னால் பஸ்ஸிலிருந்து இறங்கிய மொத்த ஜனமும். டீ மாஸ்டர் போனை வாங்கி, பிஸ்கட் பாட்டில் மேல் சாய்த்துவைத்தார். "எல்லாருக்கும் தெரியணும்ல."

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் நான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜாகிர் எழுந்து தொண்டையைச் செருமினான். "சார், கனடா நல்ல டீம்தான். ஆனா பெரிய ஆளுக எல்லாம் கிளப் மேட்சுல இருக்காங்க. வர்றவங்க களைச்சுப்போய் வருவாங்க. கனடா ஜெயிக்காது."

உர்ஸ் நிமிர்ந்தார். "நீங்கள் கனடாவுக்காக அல்லவா வாதாடுகிறீர்கள்?"

"ஆமா சார். ஜெயிக்காது. ஸ்வீடன்தான்."

செல்வராசு துள்ளி எழுந்தான். "சார், நம்பாதீங்க! ஸ்வீடன்காரங்க ரொம்ப நல்லவங்க. அவ்வளவு நல்லவங்க எங்கயும் ஜெயிச்சதில்ல. கனடாதான் சார்!"

"கனடாவுக்குக் கோல் கீப்பரே சரியில்ல!" என்றான் ஜாகிர்.

"யாரு சரியில்ல? ஒன் ஆளுகளயே இப்படிக் கேவலமாப் பேசுறியே, வெக்கமா இல்ல?"

"ஸ்வீடனப் பத்தி நீ மட்டும் பேசலாமா? அவங்க தடுப்பாட்டம் பத்தி ஒனக்கு என்னடா தெரியும்?"

இருவரும் என் பட்டியலைத்தான் பயன்படுத்தினார்கள், ஆளுக்கு எதிராளிக்கு உதவும் பாதியை. டீ மாஸ்டர் என் காதருகே குனிந்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் எதுத்த வீட்டுக்கு ஓட்டுக் கேக்குறாய்ங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. பொன்னமராவதிக் கட்டத்தில் வள்ளி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கோட்டைப்பட்டினக் கட்டத்தில் ஜாகிரின் அம்மா கூரையைப் பார்த்தார். இரண்டு வீடுகளும் தங்கள் பிள்ளைக்குப் போன் போட்டு ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கின்றன: விட்டுக்குடுத்துரு.

"மடி வேணும்டா அந்தப் புள்ளைக்கு!" என்று ஜாகிரின் அம்மா கட்டத்திலிருந்து கத்தினார்.

"அய்யய்யோ, காது எப்ப வேணாலும் குத்திக்கலாங்க! கல்யாணத்துக்கு அண்ணன் இல்லாம எப்படிங்க?" என்று வள்ளி அக்கா இந்தக் கட்டத்திலிருந்து கத்தினார்.

மும்தாஜ் அழுதாள். நந்தினி அவளைப் பார்த்து அழுதாள். நான் எல்லாவற்றையும் வரிசையாக, நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னேன். உர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டதோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். இல்லை, டிரைவரும் இங்கேதான் நின்றிருந்தார்.

கடைசியில் உர்ஸ் சொன்னார். "ஒருவர்கூடச் சுவிட்சர்லாந்தைச் சொல்லவில்லை."

மொழிபெயர்த்தேன். எந்தப் பக்கமும் சாயாத மனிதர் இத்தனை நாளும் தனியாக எந்தப் பக்கம் சாய்ந்திருந்தார் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

முதலில் வாயைத் திறந்தவர் வள்ளி அக்கா. "சுவிட்சர்லாந்தா? நம்ம சினிமாவுல பாட்டு எடுக்குற ஊருல்ல அது? அந்தப் பனியில நம்ம பொண்ணுக மெல்லிசு சேலையும் செருப்புமாவே வழுக்காம ஆடுறாளுக. அந்த ஊருக்காரன் ஷூவுல கத்தியக் கட்டிட்டு எறங்குனா சும்மாவா இருக்கும்?"

மொழிபெயர்த்தேன். உர்ஸ் கையைக் கன்னத்திலிருந்து எடுத்தார்.

"கடிகாரம் செய்யுற ஊருங்க" என்றார் முருகேசன். "நேரம் பாத்து அடிப்பான்."

காதர் பாய் போனை வாங்கினார். "மலை பூராவும் ஐஸு. கரெண்டு பில்லே கெடையாது! கரெண்டு பில்லு இல்லாத ஐஸுல பொறந்து வளந்தவன் ஜெயிக்காம வேற எவன் ஜெயிப்பான்?" முப்பது வருடம் ஐஸ் போட்டவரின் பெருமூச்சு அதில் இருந்தது. அதையும் மொழிபெயர்த்தேன், பெருமூச்சை மட்டும் விட்டுவிட்டேன்.

டீ மாஸ்டரும் விடவில்லை. "மாடு நெறைய இருக்குற நாடாமே. பாலு குடிச்சவன் விழுந்தா எலும்பு ஒடையாது. எழுதிக்கங்கம்மா." வலை பின்னுகிறவர் மட்டும், "கோல் கீப்பரு எப்படி?" என்று கேட்டார். அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

உர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருடமாக விளையாட்டுப் பக்கம் படிக்கிறேன். சுவிட்சர்லாந்து அணியை இப்படி ஒருவரும் அலசியதில்லை." பிறகு தீர்ப்பு: "இரண்டு குடும்பமும் என்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டன. இருவருக்கும் லீவு."

அரிமளத்தில் கைதட்டல். கோட்டைப்பட்டினத்தில் மும்தாஜ் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். ஜாகிரும் செல்வராசும், கொஞ்சம் முன்னால்தான் ஒருவர் நாட்டை ஒருவர் காப்பாற்றச் சண்டை போட்டவர்கள், தோளில் கை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் உர்ஸ் மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை யார் ஓட்டுவது?"

செல்வராசு கேமராவைப் பார்த்தான். "மேடத்துக்கு ஓட்டத் தெரியும் சார்."

மற்ற மூன்று கட்டங்களும் என் பக்கம் திரும்பின. எனக்குப் பின்னால் நின்ற பஸ் கூட்டமும் திரும்பியது. "தெரியுமாம்மா?" என்று கேட்டார் டிரைவர், தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்பது போல.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வியாதி. "தெரியும்ண்ணே."

அந்த ஞாயிறு எனக்கு வார விடுமுறை. நான் இழந்தவை: நல்ல தூக்கம், பெரிய திரைக்கு நேர் எதிரே சொல்லிவைத்திருந்த நாற்காலி, இரண்டு வீட்டு விருந்து. விருந்துக்கு எப்படியும் போயிருக்க முடியாதுதான், இருந்தாலும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். டீக்குக் காசு வாங்கமாட்டேன் என்று மாஸ்டர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

லீவு முடிந்து துபாய் திரும்பினேன். அந்த ஞாயிறு காலை, கம்பளிச் சட்டையோடு ஐஸ் சீவும் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஓரத்தில் காத்திருந்தார்கள். காது குத்தை நேரலையில் காட்டியே ஆக வேண்டும் என்று வள்ளி அக்கா வீடியோ கால் போட்டார். காலையில் அறிவிப்புகளை ஒலிக்கவிட என் போனைத் தளத்தின் ஒலிபெருக்கியோடு இணைத்திருந்ததை நான் மறந்துவிட்டேன்.

செல்வராசின் மடியில், கணுக்கால் வரை மஞ்சள் சட்டையும் மாலையுமாக நந்தினி. ஆசாரி ஊசியை எடுத்தார். "ஆஆஆ... மாமாஆஆ!" என்ற அலறல் எட்டு மூலை ஒலிபெருக்கிகளிலும் வெடித்தது. பிள்ளைகள் உறைந்து நின்றார்கள். ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்தே விட்டார். உர்ஸ் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார்.

"யாருக்கு அடி?"

"அடி இல்லை, சார். காது" என்றேன்.

அவர் போனை எட்டிப் பார்த்தார். மடியைப் பார்த்தார். இன்னொரு காது பாக்கி இருந்தது. இருந்து பார்த்துவிட்டுத்தான் போனார். பிறகு ஜாகிரிடமிருந்து ஒரு படம் வந்தது: மேடையில் மும்தாஜ், பக்கத்தில் அண்ணன், கீழே வரிசையாக, பலர் சேர்ந்து உண்ணும் நெய்ச்சோற்றுச் சஹன் தட்டுகள். அதைத் தளத்தில் ஒலிபரப்பும் வழி இல்லாமல்போனது நல்லது.

ஃபைனலுக்குக் கனடாவும் வரவில்லை, ஸ்வீடனும் வரவில்லை. சுவிட்சர்லாந்து வந்தது. வந்து, தோற்றது. நேரம் பார்த்து அடித்தவர்கள் எதிரணியினர்.

மறுநாள் காலை உர்ஸ், யாரும் இல்லாத தளத்தின் ஓரத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "அந்த அக்கா இப்போது என்ன சொல்வார் என்று கேட்கிறீர்களா?"

போன் போட்டேன். பின்னால் பந்தல் பிரிக்கும் சத்தம்.

"தோத்துட்டாகளா? அடடா. ரெண்டாவது பரிசு என்ன குடுத்தாங்க?"

"வெள்ளிப் பதக்கம், அக்கா."

"டீமுக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?"

"ஆளுக்கு ஒண்ணு."

"ஆளுக்கு ஒரு வெள்ளியா! பீரோவே குடுத்திருந்தாலும் அத வெச்சுக்கிட்டு என்ன பண்ண? சாரு மனசுவிட வேணாம்னு சொல்லுங்க தங்கச்சி. அத்தனயையும் உருக்குனா அந்த ஊருல எத்தன புள்ளைகளுக்குக் கொலுசு ஆகும்!"

மொழிபெயர்த்தேன். கொலுசு என்றால் என்ன என்று கேட்டார். என் சறுக்குக் காலணிக்கு மேலே, கணுக்காலைச் சுற்றி விரலால் காட்டினேன். அவர் ஐஸைப் பார்த்தபடி உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"சின்னக் குழந்தைகளுக்கான அளவா?"

"சின்ன அளவுதான், சார்."

"அப்படியென்றால் நிறைய ஆகும்" என்று சொல்லிவிட்டு, உர்ஸ் வேலையைப் பார்க்கப் போனார்.